ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதமா?

2024 ஜூன் 9, ஞாயிறு. வாசகர் ஒருவரின் கேள்வி

எங்க ஊர்ல பெரியவங்களுக்காக வாட்ஸ்அப்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் குழு ஆரம்பிச்சோம். நாப்பது பேர் சேந்தாங்க. குழுவுல தமிழ்ல பேசினா பத்து ரூபா அபராதம்னு ஒரு விதி. இப்ப அஞ்சாறு பேர்தான் பேசறாங்க, மத்தவங்க வாயே தொறக்கறதில்ல. விதியை இன்னும் கண்டிப்பாக்கணுமா, வேற வழி இருக்கா?

ஜூன் 9, இரவு

விதியை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே.

பேசுகிற அந்த ஐந்தாறு பேருக்கும் குழுவில் சேருவதற்கு முன்பே ஓரளவு பேச வந்திருக்கும். குழு யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்கள்தான் இப்போது மௌனமாக இருக்கிறார்கள். பத்து ரூபாய் பெரிய காசு இல்லை. ஆனால் எல்லாரும் பார்க்க, பெயரைப் போட்டு "அபராதம்" என்று வருவதை நாற்பது வயதுக்காரர் ஒருவர் எப்படி எடுத்துக்கொள்வார்? இங்கிலீஷ் பீரியடில் பெஞ்சு மேல் ஏறி நின்றது அவருக்கு மறந்திருக்காது.

நானும் சில வருடங்களாகப் பெரியவர்களுக்குப் போன் வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். திருப்பூரில் எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், வெளிநாடு போகத் தயாராகும் நர்ஸுகள், ஹோட்டல் வரவேற்பில் நிற்கும் பையன்கள், பிள்ளையின் பள்ளியில் டீச்சரிடம் நாலு வார்த்தை பேச ஆசைப்படும் அம்மாக்கள். பெரும்பாலும் தமிழ் மீடியம். பத்து பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துவிட்டு வந்தவர்கள். இவர்களிடம் தமிழைப் பிடுங்கிக்கொண்டால் கேள்வி கேட்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

ஜூன் 10

"தண்ணியில இறங்காம நீச்சல் வருமா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வராது. பேசாமல் பேச்சு வராது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஆங்கிலம் பேசவைப்பது ஒரு வேலை, தமிழைத் தடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்துவிட்டால் முதலாவது தானே நடந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். 1878இல் மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் ஒரு மொழிப் பள்ளி தொடங்கினார். பிரெஞ்சு நடத்த அவர் அமர்த்திய ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பொருளைக் காட்டியும் நடித்தும் பிரெஞ்சிலேயே நடத்தினார், மாணவர்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கற்றார்கள் என்று அந்தப் பள்ளி தன் கதையைச் சொல்கிறது. பெர்லிட்ஸ் முறை என்று உலகம் முழுக்கப் பரவியது அதுதான்.

அடுத்தது 1961. உகாண்டாவில் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலம் வழியாகவே நடத்த வேண்டும் என்ற கருத்துக்கு அங்கே நல்ல வலு கிடைத்தது. மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இல் அந்த மாநாட்டோடு சேர்த்துப் பேசப்படும் ஐந்து நம்பிக்கைகளை எடுத்து, ஐந்துமே பிழையானவை என்று வாதிட்டார். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது இந்த "ஆங்கிலம் மட்டும்".

பெர்லிட்ஸ் பள்ளி ஆசிரியருக்கு மாணவர்களின் மொழி தெரியாது. அவருக்கு வேறு வழியில்லை. நமக்கும் நம்மிடம் படிப்பவர்களுக்கும் ஒரே மொழி. கையில் இருப்பதை ஒளித்துவைத்துவிட்டு ஏன் ஊமை பாஷையில் பாடம் நடத்த வேண்டும்?

ஜூன் 10, கொஞ்ச நேரம் கழித்து

வசூலான அபராதத்தை என்ன செய்வது என்று கேள்வி கேட்டவரே கேட்டிருக்கிறார். அவரவர் காசை அவரவரிடம் திருப்பிக் கொடுங்கள். அதை வைத்து என்ன வாங்கினார்கள் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் வாய்ஸ் நோட் போடச் சொல்லுங்கள். டீ, வடை, பேனா, எதுவானாலும் சரி. "ஐ பாட் எ பென்" என்று ஒருவர் சொன்னால் இறந்த காலமும் வந்துவிட்டது, "எ"யும் வந்துவிட்டது.

ஜூன் 12

"தமிழ் கையில் இருக்கிறது என்கிறீர்கள், அதை எப்படிப் பயன்படுத்துவது, ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்ட மேடத்துக்கு.

"எ", "தி" இரண்டும் நம்மவர்களைப் படுத்தும் பாடு தெரியும். "தமிழ்ல இது கிடையாது, பழகப் பழகத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு நகரும் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்லாகக் கிடையாதுதான். அந்த வேறுபாடு தமிழில் இருக்கிறது.

"புத்தகம் வாங்கினேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து "புத்தகத்தை வாங்கினேன்." இரண்டும் ஒன்றா? முதலாவதைக் கேட்டவர் "என்ன புத்தகம்?" என்று கேட்பார். இரண்டாவதைக் கேட்டவருக்கு எந்தப் புத்தகம் என்று ஏற்கெனவே தெரியும், நேற்று அதைப் பற்றிப் பேசியிருப்பீர்கள். முதலாவதில் ஆங்கிலத்துக்கு "எ புக்" வேண்டும். இரண்டாவதில் "தி புக்". நாம் படிக்காமலே, பிழையில்லாமல், நாள் முழுக்க இந்த வேறுபாட்டைச் செய்துகொண்டிருக்கிறோம். இரண்டாம் வேற்றுமை என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த அந்த "ஐ" இங்கே வேலைக்கு வருகிறது.

எங்கள் குழுவில் முதன்முதலாக இதைச் சொன்ன இரவு, எக்ஸ்போர்ட் ஆபீஸில் இருக்கும் தம்பி ஒருவர் வரிசையாக வாய்ஸ் நோட் போட்டுக்கொண்டே இருந்தார். "காபி குடிச்சேன், காபியைக் குடிச்சேன். சாவி தேடினேன், சாவியைத் தேடினேன்." அவரே சொல்லி அவரே சிரிக்கிறார். அதுவரை "தி" எங்கே போடுவது என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு அவரே முடிவு செய்கிறார். பத்தில் எட்டு சரியாக வருகிறது.

இதை ஆங்கிலத்தில் விளக்கியிருந்தால்? டெஃபினிட், இன்டெஃபினிட் என்று ஆரம்பித்திருப்பேன். இரண்டாவது நிமிடத்திலேயே பாதிப்பேர் போனைக் கீழே வைத்திருப்பார்கள்.

ஜூன் 13

சரியான இடத்தில் ஒருவர் பிடித்திருக்கிறார்: "ஒரு பையனைப் பார்த்தேன் என்கிறோமே, அங்கே பையன் யாரென்று தெரியாது, ஆனாலும் ஐ வருகிறதே?" வரும். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது தெரிந்தவரோ தெரியாதவரோ "ஐ" போட்டே ஆக வேண்டும். "பையன் பார்த்தேன்" என்று யாரும் சொல்லமாட்டோம். அதனால்தான் எப்போதும் பொருட்களில் ஆரம்பிக்கிறேன்: சாவி, பை, பேனா, ரசீது. அது கைக்கு வந்தபிறகு மனிதர்கள். அங்கே "ஒரு" இருந்தால் "எ", "அந்த" இருந்தால் "தி" என்று போகலாம்.

"தி சன்", "தி போலீஸ்" மாதிரியானவற்றுக்கு இந்த வழி உதவாது. அவற்றைப் பழகித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 15

திருப்பூர் தம்பி அனுமதி கொடுத்ததால் இதை எழுதுகிறேன். ஆபீஸ் பெயரெல்லாம் வேண்டாம்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் போனில் கேட்டிருக்கிறார்: "ஹேவ்ன்ட் யூ ஷிப்ட் இட் யெட்?" இவர் சொன்னார்: "எஸ்." இவர் மனதில், "ஆமாங்க, இன்னும் அனுப்பல." பையர் காதில் விழுந்தது, "அனுப்பியாச்சு." நாலு நாள் கழித்து டிராக்கிங் நம்பர் கேட்டு மெயில். யாருமே பொய் சொல்லவில்லை.

"வரலையா?" என்றால் நாம் "ஆமா, வரல" என்போம். கேள்வியில் இருக்கும் கருத்தை ஒத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அதே இடத்துக்கு "நோ, ஐ டிடன்ட்". கேள்வி எப்படி வந்தாலும் நடக்காததற்கு "நோ" மட்டும்தான். இதைப் புரியவைக்கத் தமிழில் இரண்டு நிமிடம் போதும். புரிந்துகொண்டவர்களும் அவசரத்தில் பழைய வழிக்குத்தான் போவார்கள் என்பதால் நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன்: இப்படிக் கேள்வி வந்தால் எஸ், நோ இரண்டையும் விட்டுவிடுங்கள், முழு வாக்கியத்தைச் சொல்லுங்கள். "வி ஹேவ்ன்ட் ஷிப்ட் இட் யெட்." சரக்கு எங்கே இருக்கிறது என்பதில் அதன்பிறகு யாருக்கும் சந்தேகம் வராது.

ஜூன் 16

மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படீன்னா எல்லாத்தையும் தமிழ் எழுத்துல எழுதி மனப்பாடம் பண்ணலாம்ல?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். வேண்டாம் அக்கா. விளக்கம் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள், பக்கத்தில் ஆடியோவைக் கேளுங்கள்.

காரணம் எளிது. நோட்டில் "பேக்" என்று எழுதிவைத்தால் அது தோளில் மாட்டுகிற பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா, ரொட்டி சுடுவதா? நாலும் ஒரே எழுத்து. மறுநாள் படித்துப் பார்க்கும்போது எது என்று உங்களுக்கே தெரியாது. நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுவது உங்களுக்குப் புரிகிறது என்றால், அந்தச் சொற்கள் ஏற்கெனவே உங்கள் காதில் இருப்பதால்தான்.

நம் எழுத்தில் பிரியாத அந்த ஒலிகள் நம் வாயில் இல்லையா என்றால், இருக்கின்றன. "கம்பு" என்று சொல்லுங்கள், அதில் வரும் "பு"வைக் கவனியுங்கள். "தங்கம்" சொல்லுங்கள், அந்த "க"வைக் கவனியுங்கள். மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினம் வந்தால் குரல் அதிர்கிறது, தொண்டையில் விரல் வைத்தால் தெரியும். அதே ஒலியைச் சொல்லின் முதலில் கொண்டுவரவேண்டும், அவ்வளவுதான். "கம்பு, கம்பு, பு, புக்" என்று நாலு தடவை சொன்னால் வந்துவிடும்.

நமக்குச் சாதகமான பக்கத்தை யாருமே பேசுவதில்லை. குறிலும் நெடிலும் நமக்கு உயிர். கப்பலுக்கு "ஷிப்", செம்மறியாட்டுக்கு "ஷீப்". ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் பலருக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது பெரும்பாடு. ஜப்பானியர்களுக்கு "ரைட்", "லைட்" சிக்கல். நம் வீட்டுக் குழந்தைக்கு இரண்டிலும் சிரமமே இல்லை. முதல் நாள் வகுப்பில் இதைச் சொல்கிறேன். "எனக்கு இங்கிலீஷ் வராதுங்க" என்று ஆரம்பித்தவர் குரல் கொஞ்சம் நிமிர்கிறது.

ஜூன் 18

நர்ஸ் தங்கச்சிகளுக்காக.

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பேசுவதைத்தான் பயிற்சி செய்கிறார்கள். வார்டில் முதலில் தேவைப்படுவது கேட்பது. நோயாளி "ஐ கேன் மூவ் இட்" என்றாரா, "ஐ கான்ட் மூவ் இட்" என்றாரா? நாம் கடைசியில் வரும் "ட்" சத்தத்தைத் தேடிக்கொண்டிருப்போம். வேகமான பேச்சில் அது பெரும்பாலும் காதில் விழாது. "முடியும்" என்பதற்கு அவர்கள் அந்தச் சொல்லை அழுத்துவதே இல்லை, "கன்" என்று விழுங்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். "முடியாது" என்றால் அழுத்தி, நீட்டி, "கான்ட்". உயிரெழுத்தையும் அழுத்தத்தையும் கேளுங்கள்.

தமிழில் எல்லா அசைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இடம் கொடுத்துப் பேசுவோம். ஆங்கிலத்தில் ஒன்று தூக்கலாக வரும், மற்றவை சுருங்கிப்போகும். "ஃபோட்டோகிராஃப்" என்பதில் முதல் அசை தூக்கல், "ஃபொட்டாகிரஃபர்" என்பதில் இரண்டாவது. இலக்கணம் ஓரளவு தெரிந்தும் எதிரில் இருப்பவர் "பார்டன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால், பெரும்பாலும் இந்த அழுத்தம்தான் இடம் மாறியிருக்கும். எழுத்து உச்சரிப்பில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

ஓஇடி, அதாவது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் கவனிக்க: பேச்சுத் தேர்வில் இரண்டு ரோல் ப்ளே உண்டு. நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி அல்லது அவர் வீட்டு ஆள். பழகும்போது முதல் தடவை முழுக்கத் தமிழில் நடித்துப் பாருங்கள். பயந்திருக்கும் ஒரு பாட்டியிடம் என்ன சொல்வீர்கள், எந்த வரிசையில் சொல்வீர்கள் என்று முடிவாகட்டும். அதன்பிறகு ஆங்கிலம். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் தேடுவதால்தான் பாதிப்பேர் நடுவில் நின்றுவிடுகிறார்கள்.

ஜூன் 19

எப்போது திருத்துவது?

"யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட், ஐ பை வெஜிடபிள்ஸ், ஷாப்மேன் ஸே நோ சேஞ்ச்." இப்படி ஒரு வாய்ஸ் நோட் வருகிறது. முழுக்கப் புரிகிறது. பலரும் "ஓ, யூ வென்ட் டு தி மார்க்கெட்!" என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு, திருத்தியாகிவிட்டது என்று நினைப்பார்கள். 1997இல் ராய் லிஸ்டர், லைலா ரான்டா இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழிக் கல்வி வகுப்புகளை ஆராய்ந்து எழுதினார்கள். ஆசிரியர்கள் மிக அதிகமாகச் செய்தது இப்படித் திருப்பிச் சொல்வதைத்தான். மாணவர்கள் மிகக் குறைவாகக் கண்டுகொண்டதும் இதைத்தான். அவர்கள் காதில் அது பாராட்டாகவோ பேச்சின் தொடர்ச்சியாகவோ விழுந்துவிடுகிறது.

நான் குழுவில் எதையும் திருத்துவதில்லை. தனியாக, அன்று ராத்திரி, தமிழில், ஒரே ஒரு பிழை. "நேத்து மார்க்கெட்டுக்குப் போறேன்னு தமிழ்ல சொல்வீங்களா? மாட்டீங்கல்ல? அதே மாதிரி அங்கேயும் கோ வராது, வென்ட்." மற்ற பிழைகளைக் குறித்துவைத்துக்கொள்வேன், அவை எங்கேயும் ஓடிப்போகாது.

ஜூன் 22

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் சார் ஒருவர் என்.எஸ். பிரபுவை நினைவுபடுத்தியதற்கு நன்றி. இந்த விவாதத்தில் அவர் பெயர் வராமல் இருக்கக்கூடாது. பிரபு சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபோது, 1979இலிருந்து ஐந்து ஆண்டுகள், தென்னிந்தியாவில் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர் திட்டம் என்று உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் அறிந்தது அதுதான். இலக்கணத்தைத் தனியாக நடத்தாமல் குழந்தைகளுக்குப் புதிர் மாதிரி வேலைகள் கொடுத்தார்கள்: ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று சொல்வது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது. கவனம் விடையில் இருக்கும், மொழி பக்கவாட்டில் உள்ளே போகும்.

"அப்படியானால் நீங்கள் ஏன் வேற்றுமை உருபெல்லாம் பேசுகிறீர்கள்?" என்பது சாரின் கேள்வி. நியாயமானது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிரபுவிடம் இருந்தவர்கள் குழந்தைகள், அவர்களுக்கு முன்னால் பள்ளி வருடங்கள் இருந்தன. என்னிடம் இருப்பவர்களுக்கு அடுத்த மாதம் இன்டர்வியூ. ஒரு முறை தமிழில் விளக்கிச் சொன்னால் காத்திருக்கும் காலம் குறைகிறது. ஆனாலும் வெறும் விளக்கம் வாயைத் திறக்கவைக்காது, அதற்குப் பிரபு வழிதான் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை குழுவில் எழும்பூர் ரயில் அட்டவணையின் படம் ஒன்றைப் போட்டு, "காலை பத்து மணிக்குள் திருச்சியில் இருக்கணும், கையில் ஒரு கைக்குழந்தை, எந்த வண்டி, ஏன்?" என்று கேட்கிறேன். அன்றைக்கு வாய்ஸ் நோட் கொட்டுகிறது. பிள்ளையோடு ராத்திரி வண்டியில் போகலாமா கூடாதா என்று இரண்டு அம்மாக்கள் ஆங்கிலத்தில் சண்டையே போட்டார்கள். நடுநடுவே தமிழ் வந்தது. வரட்டும்.

ஜூன் 23

மரியாதையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஹோட்டல் வரவேற்பில் நிற்கும் எங்கள் தம்பி விருந்தாளி ஒருவரிடம் "வாட் யூ வான்ட்?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர் முகம் மாறிவிட்டது. தம்பி மனதில் ஓடியது "என்ன வேணுங்க?" எங்கள் குழுவிலேயே பணிவானவர் அவர். நம்முடைய மரியாதை முழுக்க "ங்க"வில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் மாற்றும்போது முதலில் உதிர்வது அதுதான். "தண்ணி குடுங்க" என்பது "கிவ் மீ வாட்டர்" ஆனால் அதட்டலாகப் போய்விடும். கடைசியில் ப்ளீஸ் ஒட்டினாலும் அதட்டல்தான், கொஞ்சம் மெதுவான அதட்டல். "குட் ஐ ஹேவ் சம் வாட்டர்?", "ஹௌ கேன் ஐ ஹெல்ப் யூ?" மாதிரி பத்து வாக்கியங்களை அப்படியே மனப்பாடமாகக் கொடுக்கிறேன். இங்கே இலக்கணம் பார்க்க நேரமில்லை, அவர் நாளைக் காலையே கவுன்டரில் நிற்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மேனேஜரை "யூ" என்று சொல்ல வாய் வராமல் தவிப்பவர்கள். "நீ"ன்னு கூப்பிடற மாதிரி இருக்குங்க என்பார்கள். "யூ"வில் நீயும் நீங்களும் இரண்டுமே அடக்கம், அவர் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் 25

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி: விதியை எடுத்தபிறகு பாதிப்பேருக்கு மேல் ஏதாவது ஒன்று பேசிவிட்டார்கள். நிறையப்பேர் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான். நல்லது. கலந்து பேசுகிறவரிடம் "இதில் எந்தத் துண்டை ஆங்கிலத்துக்கு மாற்றலாம்?" என்று கேட்க முடியும். பேசாதவரிடம் எதைக் கேட்பது? ஒரு மாதம் போகட்டும், பிறகு தினமும் இரவு பத்து நிமிடம் மட்டும் ஆங்கிலம் என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அவர்களாக வைத்துக்கொள்ளும் எல்லை வேறு, நாம் மேலிருந்து போடும் விதி வேறு.

ஜூன் 25, இரவு

ஒரு நர்ஸ் தங்கச்சியின் சந்தேகம், எல்லாருக்கும் பயன்படும். வெளிநாட்டு ஏஜென்சியிலிருந்து போனில் "வாட்ஸ் யுவர் சர்நேம்?" என்று கேட்டார்களாம். நமக்கு இனிஷியல்தானே, அப்பா பெயரைச் சொல்வதா, ஊர்ப் பெயரைச் சொல்வதா என்று திகைத்துப்போய் லைனை வைத்துவிட்டார்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ, அதையே சொல்லுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் தயங்காமல் இப்படி: "இன் மை பாஸ்போர்ட், ஐ ஹேவ் ஒன்லி எ கிவன் நேம். தி இனிஷியல் இஸ் ஃப்ரம் மை ஃபாதர்ஸ் நேம்." அடுத்து ஸ்பெல்லிங் கேட்பார்கள். போனில் எம்மும் என்னும் ஒன்றுபோலக் கேட்கும், எஸ்ஸும் எஃப்பும் அப்படியே. "எம் ஃபார் மதர், என் ஃபார் நைட், எஸ் ஃபார் சன், எஃப் ஃபார் ஃபாதர்" என்று சொல்லப் பழகுங்கள். நாளை இரவு குழுவில் ஒவ்வொருவரும் அவரவர் பெயரையும் அப்பா பெயரையும் இப்படி எழுத்தெழுத்தாகச் சொல்லி வாய்ஸ் நோட் போடுங்கள். கேட்கிறவர்கள் எழுதிக் காட்ட வேண்டும்.